கண்ணாடிக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி

கண்ணு,

உன் வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டுகிற பையில், மேல்பக்கம் மேப் வைப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதற்குள் இந்தத் தாள்களை மடித்து வைக்கப்போகிறேன். உன் மேப் எல்லாம் போனில் இருக்கிறது, அந்த உறை சும்மாதான் கிடக்கிறது. அதனால் நீ இதை எந்த ஊரில் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. சித்ரதுர்காவில் மலை மேல் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். அங்கே எங்காவது ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு நீ இதைப் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பவித்ரா பக்கத்தில் இருந்தால் அவளும் படிக்கட்டும்.

இப்போது மத்தியானம். நீங்கள் இரண்டு பேரும் அவள் அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வர ஸ்கூட்டரில் ஐயம்பேட்டை போயிருக்கிறீர்கள். உன் அப்பா உள்ளே தறியில் இருக்கிறார், சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உன் பெரிய வண்டி வாசலில் பெட்டிகளோடு நிற்கிறது. நாளை விடிவதற்குள் கிளம்பிவிடுவீர்கள். குஜராத் கடைசியில் இருக்கிற அந்த உப்பு வெளி வரைக்கும் போய்த் திரும்ப மூன்று வாரம் என்று கணக்குச் சொன்னாய். பூமி முழுக்க வெள்ளையாக, நடுவில் ஒரு கோடு மாதிரி ரோடு மட்டும் போகும் என்று போட்டோ காட்டினாய். அதைப் பார்த்ததிலிருந்து மத்தியானத் தூக்கத்தில் அந்த ரோடுதான் வருகிறது. அதில் ஒரு வண்டி போகிறது, பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சில நாள் அது பவித்ரா, சில நாள் நான். கல்யாணம் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது, போகிற பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி எழுதுகிறாளே என்று நினைக்காதே. சொல்ல வந்தது இரண்டே விஷயம். ஒன்று பவித்ராவின் தலையைப் பற்றி, இன்னொன்று என் முட்டியைப் பற்றி.

பவித்ராவின் தலையில் பாதி உனக்குத் தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது விண்ட்ஷீல்டு மாட்டிக்கொண்டு அவளைத் திருமுக்கூடல் கூட்டிப்போனாய். கடையில் இருந்ததிலேயே உயரமான கண்ணாடியைத் தேடி வாங்கியிருந்தாய். அவளுக்குக் காற்று அடிக்கக்கூடாது என்று உனக்கு அவ்வளவு ஆசை. மூன்று ஆறும் சேர்கிற இடத்தில் தண்ணீர் இல்லாவிட்டாலும் மணல் எவ்வளவு அழகு என்று வந்ததும் வராததுமாக நீ பேசிக்கொண்டே இருந்தாய். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என்னமா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல அத்தை, வெயில்" என்றாள். அன்றைக்கு வெயிலே இல்லை. மார்கழி மூட்டம். ஆனால் அந்த 'ஒண்ணும் இல்ல' எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். என் குரல்தான் அது.

மறுநாள் காலையில் நீ வேலைக்குப் போன பிறகு, நூல் சுற்றிக்கொண்டே மெல்லக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "தலைய யாரோ ரெண்டு கையால புடிச்சி ஆட்டுற மாரி இருக்குது அத்தை. வூட்டுக்கு வந்தும் காதுல டப்டப்னு கேட்டுக்கினே இருந்துச்சி. கழுத்த திருப்ப முடியல. ஆனா அவரு எவ்ளோ ஆசையா அந்தக் கண்ணாடிய வாங்கி மாட்டினாரு, அதான் சொல்லல" என்றாள். நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். இரண்டாயிரம் கிலோமீட்டர் போக, இரண்டாயிரம் கிலோமீட்டர் வர, இந்தப் பெண் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கப் போகிறாளே என்று நினைத்தேன். அதற்கப்புறம் வரும் வருஷங்களையும் நினைத்தேன்.

அவளிடம் நான் தெருப்பாவு கதையைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போடுகிற வேலையை விடியற்காலையிலேயே ஏன் முடிக்கிறோம் தெரியுமா? வெயில் ஏறினால் காற்றும் ஏறும். அந்த வருஷம் விடியும்போதே குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. உன் அப்பா சும்மா இருப்பாரா, தெருமுனையில் தென்னங்கீற்றால் நெருக்கமாக ஒரு தட்டி பின்னி, தரையோடு தரையாக நட்டுவிட்டார். ஒரு பொட்டுக் காற்று வராது என்று தெருவுக்கே சொன்னார். தட்டிக்குப் பின்னால் நின்றால் உண்மையிலேயே காற்று இல்லை. ஆனால் பத்தடி தள்ளிப் பாவு துள்ளத் தொடங்கியது. தட்டி இல்லாதபோது எல்லா இழையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன, அவ்வளவுதான். தட்டி வந்த பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே, ஈர நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. காற்று தட்டியின் தலையைத் தாண்டி, உடைந்து, சுருண்டு உள்ளே விழுந்துகொண்டிருந்தது. நேராக வருகிற காற்று தள்ளும், நூல் அதற்கு ஈடுகொடுக்கும். உடைந்து வருகிற காற்று உலுக்கும், அதற்கு எந்த நூலும் ஈடுகொடுக்காது. நான் புது மருமகள், இருந்தும் தெருவில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன், ஒன்று விட்டு ஒன்று கீற்றைப் பிய்த்துவிடுங்கள், தட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குங்கள் என்று. முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அடியில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் காற்றை விட்டதும் பாவு அடங்கிவிட்டது.

இதைக் கேட்டதும் பவித்ராவின் முகம் மாறியது. "அப்ப கண்ணாடியில நூலு கட்டி, காத்து எப்பிடிப் போவுதுன்னு பாத்துடலாம் அத்தை" என்றாள். அந்த யோசனை முழுக்க அவளுடையது, நீ அதற்கு என்னைப் பாராட்டாதே. தறியில் மிஞ்சிய பட்டு இழைகளைச் சாண் அளவுக்கு வெட்டினாள். காற்றில்லாத அறையிலேயே மூச்சு பட்டால் அசைகிற இழை அது. ஆனால் நான் அவளிடம் ஒன்று சொன்னேன்: நூலை ஒட்டுவதற்கு முன்னால் நீ வாயால் அவனிடம் சொல்ல வேண்டும், தலை வலிக்கிறது என்று. அன்று சாயங்காலம் சொன்னாள். உனக்கு நினைவிருக்கும். உன் முகம் சுருங்கியது. "அவ்ளோ காசு குடுத்து உனுக்காகத்தானே வாங்கினேன்" என்றாய். வாசல்வரை போனாய், திரும்பி வந்தாய். பிறகு டேப் எங்கே இருக்கிறது என்று கேட்டாய். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை மறக்காதே, அதற்கு மறுபடியும் வருவேன்.

கண்ணாடியின் மேல் விளிம்பில் வரிசையாக நூல், இரண்டு ஓரத்தில் நூல், உட்பக்கம் நடுவில் ஒரு நூல், அவள் ஹெல்மெட்டின் நெற்றியில் ஒரு நூல். வெள்ளை கேட்டிலிருந்து திருப்புட்குழி வரை பெங்களூர் ரோட்டில் ஓட்டினாய், அவள் உன் தோளுக்கு மேல் போனை நீட்டி வீடியோ எடுத்தாள். வீட்டுக்கு வந்து நாம் நாலு பேரும் அதைப் பார்த்தோம். சிவப்பு, மயில் கழுத்து, மஞ்சள் என்று நூல்கள் பறந்துகொண்டிருந்தன. நான் தூங்கும்போதும் அது ஓடுகிறது. மேல் விளிம்பில் நூல் ஒரு விரல் நீளம் நேராகப் போய், பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி சுழன்றது. உன் ஹெல்மெட் ஓரளவு தப்பித்தது, உயரமாக உட்கார்ந்திருந்த அவளுடைய தலை சரியாக அந்தச் சுழலுக்குள் இருந்தது. உட்பக்கம் ஒட்டிய நூல்தான் எல்லாரையும் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தது. வண்டி முன்னால் போகிறது, நூல் பின்னால்தானே பறக்க வேண்டும்? அது உன்னை விட்டு விலகிக் கண்ணாடியோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பேரு பஃபெட்டிங்மா. கண்ணாடிக்குப் பின்னால காத்து இல்லாம காலியா கெடக்குது. அந்தக் காலிய ரொப்பத்தான் மேல இருந்தும் சைடுல இருந்தும் காத்து உள்ள பாயுது" என்று நீ விளக்கினாய். விளக்கிவிட்டு, இதைவிட உயரமாக ஒன்று வாங்கிவிடலாமா என்றும் கேட்டாய். அப்பன் புத்தி. அப்போது உன் அப்பா பெருமையாகச் சொன்னாரே, "நானு அந்தக் காலத்துல எங்க வண்டிக்கிக் கண்ணாடி போட்டப்ப, அடியில ரெக்சின் வெச்சித் தெச்சிட்டேன்பா. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரல. உங்கம்மாவ கேளு." நீங்கள் மூன்று பேரும் என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்து காபி போடப் போனேன்.

பிறகு நடந்தது நல்லபடி நடந்தது. கண்ணாடியை நான்கு விரல் இறக்கினாய், கொஞ்சம் பின்னால் சாய்த்தாய். அடியில் இரண்டு விரல் இடம் விடு என்று நான் சொன்னதற்கு வாஷர் வைத்து முன்னால் தள்ளினாய். ஓரத்தில் சின்னச் சின்ன தகடு வைத்து, ஹேண்டில் பக்கமிருந்து ஏறுகிற காற்றைத் திருப்பினாய். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, நூலைப் பார்த்து, அவளைக் கேட்டு, அடுத்ததற்குப் போனாய். மூன்று ஞாயிறு ஆனது. கடைசி ஞாயிறு அவள் இறங்கியதும் தண்ணீர் கேட்கவில்லை, பசிக்கிறது என்றாள். "காத்து அடிக்குது அத்தை, ஆனா நேரா அடிக்குது. மூஞ்சில கைய வெச்சித் தள்ற மாரி. அது புடிச்சிருக்குது" என்றாள். எனக்கும் அந்தக் காற்று பிடிக்கும். யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

சரி, முட்டிக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் உன் அப்பாவின் பழைய வண்டிக்குக் கண்ணாடி கிடையாது. நான் புடவை கட்டி, ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொள்வேன். திருப்பதி, ஏலகிரி, பாண்டிச்சேரி, எங்கே போனோம் என்பதுகூட மங்கிவிட்டது, காற்று மட்டும் மங்கவில்லை. ஒரே சீராக வந்து கன்னத்தில் சாயும். அதில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் பாதித் தூக்கத்தில் போவேன். புளிய மரங்கள் வந்து வந்து போகும். தறி இல்லை, அடுப்பு இல்லை, யாருடைய மருமகளும் இல்லை. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால் அந்தப் பின் சீட் என்றுதான் சொல்வேன். ஒரு தடவை ஒரு வண்டு வந்து கண்ணில் அடித்து, இரண்டு நாள் கண் திறக்க முடியவில்லை. உன் அப்பா துடித்துப்போனார். பெயர்ப்பலகை செய்கிற கடையில் தடித்த பிளாஸ்டிக் தகடு வாங்கி, பத்து நாள் அறுத்து, என் புடவை மாட்டிக் கிழியக்கூடாது என்று விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, அவர் தலைக்கு மேல் உயரமாக ஒரு கண்ணாடி செய்தார். அடியில் ரெக்சின். அதுதான் அவர் அன்றைக்குப் பெருமையாகச் சொன்ன அந்தக் கண்ணாடி.

நீ ஏழாவது படித்த வருஷம், உன்னைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு அந்தக் கண்ணாடியோடு மைசூர் போனோம். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வலது காதுதான் முன்னால் இருக்கும். அந்தக் காதில் போகும் வழியெல்லாம் ஈரத் துணியை உதறுகிற மாதிரி டப், டப், டப். பல் ஆடியது. மைசூரில் இறங்கினால் தரை சாய்ந்திருந்தது. அரண்மனை விளக்கெல்லாம் எரிகிறது, எனக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. உன் அப்பா சின்னப் பிள்ளை மாதிரி, "கண்ணாடி எப்பிடிமே இருந்துச்சி?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நல்லா இருந்துச்சு, முட்டிதான் வலிக்குது, இனிமேல் என்னால் வண்டியில் வர முடியாது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்தது முட்டி. காது என்று வந்திருந்தாலாவது பாதி உண்மையாக இருந்திருக்கும்.

ஒரு பொய்யைச் சொல்வது எளிது, அதை வைத்துக் குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். அவர் பார்க்கும்போதெல்லாம் நான் நொண்ட வேண்டியிருந்தது. சில நாள் எந்தக் கால் என்று மறந்துபோகும். குத்துக்கால் போட்டு உட்காரக்கூடாது என்று நாற்காலி வாங்கிப் போட்டார். நூல் சுற்றும் சக்கரத்தைக்கூட உயரத்தில் ஏற்றி வைத்தார். திருப்புட்குழியில் ஒரு வைத்தியரைக் கண்டுபிடித்து மாதம் ஒரு பாட்டில் தைலம் வாங்கி வருகிறாரே, பதினாறு வருஷமாக வருகிறது அந்தத் தைலம். நீ வேறு ஒவ்வொரு பண்டிகைக்கும் முட்டி உறை வாங்கித் தருவாய். அவர் கொஞ்ச நாள் தனியாகப் போய்வந்தார். வந்து எனக்குக் கதை சொல்வார். பிறகு, பேச்சுத்துணை இல்லாமல் என்ன ரோடு என்று வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அவர் போக நினைத்திருந்த ஊர்களின் பட்டியல் ஒன்று தறிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையடித்தபோது அதுவும் போய்விட்டது. தெரு முழுக்க நிற்க, பாவுக்காக வாயைத் திறந்தவள் நான். என் காதுக்காகத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் சுருங்குகிற ஒரு முகத்துக்குப் பயந்து பதினாறு வருஷத்து ரோட்டைத் தொலைத்தேன், என்னுடையதை மட்டும் இல்லை, அவருடையதையும். அதற்கு எனக்கு இன்றும் அழுகை வருகிறது.

ஆகவே கண்ணு, உனக்கு நான் சொல்வது இதுதான். காற்று ஒரு நாள் சரிசெய்தால் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை. பெட்டியில் சாமான் கூடினால் மாறும், லாரியை ஒட்டிப் போனால் மாறும், அவள் மழைக்கோட்டு போட்டால் மாறும். காதில் அடைக்கிற பஞ்சுக் குமிழை இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள், ஹெல்மெட் வாரைத் தளர விடாதே. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் அவளைக் கேள். நல்லா இருக்கியா என்று கேட்காதே, அதற்கு நல்லா இருக்கேன் என்றுதான் எந்தப் பெண்ணும் சொல்வாள். எங்கே அடிக்குது, காதிலா, கழுத்திலா, எத்தனை வேகத்தில் ஆரம்பிக்குது என்று கேள். அவள் சொல்லும்போது உன் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், அதை மறைக்க வேண்டாம். வாசல்வரை போய்த் திரும்பி வந்தால் போதும். ஆள் இல்லாத ரோட்டில் அவளிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு நீ பின்னால் உட்கார்ந்து பார். நீ ஆசையாக மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் என்ன காற்று என்று அப்போதுதான் தெரியும்.

பவித்ரா, உனக்கும். அவன் ஆசையாகச் செய்தது எதுவானாலும் அது உன் தலையில் அடித்தால் சொல்லு.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். படித்துப் பார்த்தேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, உள்ளே தறியில் இருக்கிற மனுஷனிடம் நான் இன்னும் சொல்லவில்லையே என்று வெட்கமாக இருந்தது. எழுந்து போனேன். வழக்கப்படி நொண்டிக்கொண்டுதான் போனேன், பழக்கதோஷம். தறிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எனுக்கு முட்டி வலியே கெடையாது" என்றேன்.

அவர் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ளிக்கொண்டே, "எந்த முட்டி?" என்றார்.

"ரெண்டும்."

பிறகு மைசூரைச் சொன்னேன். காதைச் சொன்னேன். தெருப்பாவையும் தட்டியையும் சொன்னேன். அவர் கை மெல்ல நின்றது.

"நான் கேட்டேனே மைசூர்ல."

"கேட்டீங்க."

"நல்லா இருந்துச்சின்னியே."

"சொன்னேன்."

"உனுக்காகத்தான் அத்த செஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் சொல்லல."

அவர் முகம் சுருங்கியது. பதினாறு வருஷம் பயந்த முகம் அது. ஐந்து நிமிஷம் இல்லை, கால் மணி நேரம் இருக்கும். மறுபடியும் நெய்தார். பிறகு, நான் இத்தனை காலத்தில் பார்த்ததே இல்லை, புடவையின் கரையும் உடலும் சேருகிற இடத்தில் பாதி வரிசையில் நாடாவை விட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் வந்து மறுபடியும் இங்கே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் இழுபடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஸ்பேனர்.

"இன்னாமே, எண்ணெய் எதுனா இருக்குதா? மூணு போல்ட் வந்துடுச்சி. நாலாவது துரு புடிச்சிக்கினு வர மாட்டேன்னுது."

அலமாரியில் தைலப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. போன மாதத்தது பிரிக்காமலே இருந்தது, எடுத்துக்கொண்டு போனேன். நொண்டவில்லை. பழைய கண்ணாடி மூன்று பக்கம் கழன்று ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் அவர் தைத்த தையல் இன்னும் பிரியவில்லை. நான் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நாலாவது போல்ட்டின் மேல் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊறட்டும், விளக்கு வைப்பதற்குள் வந்துவிடும் என்றேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் போல்ட்டைப் பார்க்கவில்லை, என் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா